புதைத்த முட்டையும் பூட்டிய விதையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரைப் பாறை ஒன்றின்மேல் கட்டைவிரல் அளவே உள்ள தவளை உட்கார்ந்திருக்கும். நீர் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் பின்னங்காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டி, பக்கத்துப் பாறை ஆணிடம் 'இது என் இடம்' என்கிறது. நடனத் தவளை என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

எனக்கு இதைவிட வியப்பு, அது பிள்ளை வளர்க்கும் விதம். இந்தக் குடும்பத்தின் ஒரு இனத்தில், பெண் தவளை ஓடையின் ஆழமில்லாத இடத்தில் பின்னங்கால்களால் குழி பறித்து, முட்டையிட்டுச் சரளையால் மூடிவிடும். இன்னொரு இனத்தின் தலைப்பிரட்டையோ விலாங்குபோல் நீண்ட உடலோடு, கண்மேல் தோல் மூடி, சரளைக்குள்ளேயே வளர்கிறது. 2016இல்தான் இது வெளியே தெரிந்தது.

மண்ணில் வாரிசைப் புதைக்கும் இன்னொரு உயிர், 'பிடி பருத்தி' மூலம் நமக்குப் பெயர் பழகிய பாசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுக்களில் இஷிவாட்டா என்ற ஆய்வாளர் இதைக் கண்டார். உணவு தீர்ந்தால் இந்த பாக்டீரியா தன் மரபுப்பொருளைக் கெட்டியான உறைக்குள் பூட்டி, விதைபோல் ஆகிவிடும். கூடவே ஒரு புரதப் படிகத்தையும் செய்து வைக்கும்.

கம்பளிப்புழு இலையோடு அந்த விதையையும் படிகத்தையும் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. படிகம் அங்கே கரைகிறது, குடல் நொதிகள் அதை வெட்டிக் கூராக்குகின்றன. பிறகு அது குடல் செல்லின் ஏற்பிகளில், அதாவது அது பொருந்தும் இடங்களில், ஒட்டி, சில மூலக்கூறுகள் சேர்ந்து துளை போடுகின்றன. செல் உப்பி வெடிக்கிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, சில நாளில் சாகிறது. விதை அந்த உடலில் முளைக்கிறது. நம் வயிறோ அமிலம், ஒட்டுவதற்கு அந்த ஏற்பிகளும் இல்லை.

சரி, இரண்டும் மண்ணில்தான் புதைக்கின்றன. ஆனால் பாக்டீரியாவின் விதை காய்ந்த மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். தவளை முட்டைக்கு அந்த உறை இல்லை, சரளை காய்ந்தால் அன்றோடு முடிந்தது. வளர்ந்த தவளையும் தோலாலேயே நீரை உறிஞ்சுகிறது, தோலாலும் மூச்சு விடுகிறது. ஓடை நீரைத் திருப்பிவிட்டால் அது எங்கே போகும்? 24 நடனத் தவளை இனங்களில் 2 மிக அருகிய நிலையிலும் 15 அழியும் ஆபத்திலும் இருப்பதாக, தவளை போன்ற நீர்நில வாழ்விகள் பற்றிய 2023இன் உலக மதிப்பீடு சொல்கிறது.

மலை ஓடையில் இறங்கினால், கரையோரச் சரளையைக் காலால் கிளறாதீர்கள். கீழே முட்டைகள் இருக்கலாம்.