பூஞ்சையைக் கொல்லாமல் எண்ணெயைப் பார்ப்பது

குழந்தைகளுக்கான பால் மாவு டப்பாக்கள் பலவற்றில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் பெயரைப் பார்க்கலாம். மார்டியெரெல்லா ஆல்பினா என்ற மண் பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்துத்தான் பெரும்பாலும் அதை எடுக்கிறார்கள். சர்க்கரை தாராளமாக இருந்து நைட்ரஜன் மட்டும் தீர்ந்துபோனால், இந்த வகைப் பூஞ்சைகள் புதிய செல்களைக் கட்ட முடியாமல் மிச்சக் கார்பனைக் கொழுப்பாக்கித் துளித்துளியாகச் சேர்த்துவைக்கும். உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது எண்ணெய்ப் பூஞ்சை.

எவ்வளவு சேர்ந்தது என்று அறிய வழக்கமான வழி, வடிகட்டி, உலர்த்தி, குளோரோஃபார்ம்–மெத்தனாலில் கொழுப்பைப் பிரித்து, கேஸ் குரோமட்டோகிராஃபியில், அதாவது கலவையை ஆவியாக்கிக் கூறுகூறாகப் பிரித்து அளக்கும் கருவியில், ஓட்டுவது. நம்பகமான எண் கிடைக்கும். ஆனால் பூஞ்சை செத்துவிடும், மறுநாள் அளப்பது வேறொரு மாதிரியை. பூஞ்சையின் நூல்போன்ற எந்த இழையில் எண்ணெய், எதில் இல்லை என்பதும் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும்.

இங்கேதான் ராமன் நிறமாலை கைகொடுக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு 1928இல் கொல்கத்தாவில் கண்ட அதே ஒளிச்சிதறல்தான். லேசர் ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது, அதன் பிணைப்புகளுக்கேற்ப ஒரு சிறு பங்கின் அலைநீளம் மாறும். அந்த மாற்றத்தின் அளவை அலைஎண்ணில் (செ.மீ⁻¹) குறிப்போம். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். ராமனில் தண்ணீரின் குரல் மெலிது, அதனால் ஊடகத்தில் நனைந்தபடி வளரும் இழையையே மைக்ரோஸ்கோப்பின் கீழ் அளக்கலாம். கொழுப்பு 1445 அலைஎண் அருகே ஒரு முகடு காட்டும். கொழுப்பு அமிலத்தில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் 1655 அருகே இன்னொன்று. 1445 முகட்டோடு ஒப்பிட 1655 முகட்டின் விகிதம் உயர்ந்தால் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் கூடுகின்றன.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாணவர்கள் சறுக்குவது இந்த விகிதத்தில்தான். அது சராசரி மட்டுமே. நான்கு இரட்டைப் பிணைப்புள்ள அராக்கிடோனிக்கும் ஒன்றுமே இல்லாத பால்மிட்டிக்கும் பாதிப்பாதி கலந்தால், இரண்டு உள்ள லினோலிக் போலவே தோன்றும். இன்னொரு தொல்லை, புரதமும் ஏறக்குறைய 1655இலேயே முகடு காட்டும். லேசர் புள்ளி துளியின்மேல் விழாமல் பக்கத்தில் விழுந்தால் புரதத்தை எண்ணெய் என்று எழுதிவிடுவீர்கள். மியூகார் போன்ற மஞ்சள் நிறப் பூஞ்சையில் 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் போட்டால், கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளின் 1157, 1520 முகடுகள் மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். 785 நானோமீட்டர் லேசருக்கு மாறலாம். ஆனால் சிதறல் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், அளக்க நேரம் கூடும், அதற்குள் துளி நகர்ந்துவிடும். உயிருள்ள இழைக்குள் எதுவும் சும்மா இருப்பதில்லை!

புது எண்ணெயையும் பழையதையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பிடித்த உத்தி, டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் ஏற்றிய குளுக்கோஸ். அதைத் தின்றபின் உருவாகும் புது எண்ணெயில் மட்டும் டியூட்டீரியம் சேரும். கார்பன்–டியூட்டீரியம் பிணைப்பு 2100 அலைஎண் சுற்றுவட்டாரத்தில் தெரியும். செல்லின் வேறெதுவும் அங்கே குறுக்கிடாது.

லேசர் செல்லைச் சுட்டதா என்று அறிய அதே புள்ளியைக் குறைந்த திறனில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். துளிக்குள் கிடைக்கும் விகிதத்தை மொத்த உற்பத்தி என்று அறிக்கையில் எழுதாதீர்கள். அதற்குக் குரோமட்டோகிராஃபி எண்ணோடு ஒருமுறையாவது பொருத்திப் பார்த்தாக வேண்டும்.

அப்புறம், 785 லேசர் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், இமை தானாக மூடாது. அந்த அலைநீளத்துக்கென்றே உள்ள கண்ணாடி இல்லாமல் கருவியின் மூடியைத் திறக்க நான் யாரையும் விடுவதில்லை.