70 கிலோமீட்டர், 20 நிமிடம், அதுவும் காலையில் மட்டும்

முக்திநாத் கோயிலுக்குப் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், நேபாளத்தின் பொக்காராவிலிருந்து கோயிலுக்குப் பக்கத்து ஊரான ஜோம்சோம் போகும் விமானத்துக்காக இருட்டோடு எழுந்த கதையைச் சொல்வார்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் முக்திநாத்தான் என்று நம் ஊர்களிலிருந்து நிறையப் பேர் போகும் தடம் இது.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால் வரும் எண் அது. வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். பெரிய ஜெட்டின் 800 கி.மீ. வேகத்தைப் போட்டால் 5 நிமிடம். ஆனால் இங்கே பறப்பது 19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர், மணிக்கு 270 கி.மீ. பக்கம்தான் போகும், அப்படியானால் 16 நிமிடம்.

சரி, அந்த நேர்கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள். 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா சிகரத்தை உரசுகிற மாதிரிப் போகும்! ட்வின் ஆட்டரின் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிவைக்கும் வசதி கிடையாது, பயணிகளை ஏற்றிக்கொண்டு அவ்வளவு உயரம் போகவே முடியாது. அதனால் மேற்கே விலகி, கோரேபானி மலைமுகட்டைத் தாண்டி, அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துவைத்திருக்கும் பள்ளத்தாக்கில் நுழைந்து வடக்கே திரும்புகிறது. பறந்துகொண்டே மலையை அண்ணாந்து பார்க்கலாம். இந்தச் சுற்றுவழியில் ஏறக்குறைய 20 நிமிடம் ஆகிறது.

ஆனால் எனக்கு இதில் பெரிய வியப்பு காற்றுதான். வெயில் ஏற ஏற வடக்கே முஸ்தாங்கின் வறண்ட மேட்டுநிலம் சூடாகிறது, அங்கே காற்று மேலெழுகிறது, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று ஓடிவருகிறது, அது வருவதற்கு இருக்கும் வாசலோ இந்தக் குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றுதான். குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீறிடுவதைப் போல நண்பகலுக்கு முன்பே வலுத்து, மாலை வரை அடங்காது. இருபுறமும் மலை நிற்க, குலுக்கியெடுக்கும் காற்றில் சிறிய விமானத்தைத் திருப்பக்கூட இடம் பத்தாது. இதனால்தான் காலையோடு விமானங்கள் நின்றுவிடுகின்றன.

அப்புறம் தரையிறக்கம். ஜோம்சோம் ஓடுதளம் 2,736 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீளம் சுமார் 740 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இறக்கை அதே தூக்குவிசையைப் பெற இன்னும் வேகமாகப் போயாக வேண்டும். கடல்மட்டத்தில் 130 கி.மீ. வேகத்தில் தரை தொடுகிற விமானம் இங்கே 150-ஐ நெருங்கும். நிறுத்தக் கூடுதல் நீளம் வேண்டிய இடத்தில் ஓடுதளம் குட்டையாக இருக்கிறது.

காலையில் மேகம் மூடி விமானம் ரத்தானால் அன்றைக்கு அவ்வளவுதான், ஜீப்பில் போவதென்றால் பகல் முழுக்கக் கரைந்துவிடும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பொக்காராவில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.