சுரங்கம் வருகிறது என்றால் கிணற்றுக்காக எப்போது பேச வேண்டும்?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க விட்ட ஏலம் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. ஆனால் குவாரி, சுரங்கம் என்று அடுத்த விண்ணப்பம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அப்போது தண்ணீரைப் பற்றிக் கேட்கச் சட்டமே ஓர் இடம் வைத்திருக்கிறது: 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ள கருத்துக்கேட்புக் கூட்டம்.

முதலில், தண்ணீர் எப்படிப் போகிறது? மதுரை வட்டாரம் பாறைப் பூமி. மேலே சிதைந்த பாறை, அதன் கீழே வெடிப்புகள். ஊற்று வருவது அங்கிருந்துதான். அதனால்தான் போர் போட்டால் ஒரு தோட்டத்தில் தண்ணீர், பக்கத்துத் தோட்டத்தில் வெறும் புகை. சுரங்கம் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் வெடிப்பில் உள்ள தண்ணீரெல்லாம் அதை நோக்கி வடியும். உள்ளே வேலை நடக்க வேண்டுமே, இரவும் பகலும் இறைத்து வெளியே விடுவார்கள். இறைக்க இறைக்கச் சுற்றுக் கிணறுகள் இறங்கும். பூமிக்கு அடியில் குடையும் சுரங்கம் என்றால் மேலே வயல் அப்படியே இருக்கும், ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் குடைந்த பாதை, தனித்தனியாகக் கிடந்த வெடிப்புகளை இணைத்துவிடும். மேல் ஊற்று கீழே ஓடிவிடும். எந்தக் கிணறு முதலில் வற்றும் என்பதைத் தூரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வெடிப்பு ஓடும் திசையையும் பார்க்க வேண்டும். கந்தகம் கலந்த தாதுவாக இருந்தால், சுரங்கத்தை மூடிய பிறகு ஏறிவரும் தண்ணீர் அமிலமாகவும் மாறலாம்.

இனி கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றி நிறுவனம் தயாரித்த வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும், சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். வந்தவர் எவரும் விளக்கம் கேட்கலாம்; எல்லாம் வீடியோவில் பதிவாகும். நேரில் வர முடியாதவர் எழுதிக் கொடுக்கலாம். "சுரங்கம் வேண்டாம்" என்பதும் பதிவாகும், சரி. ஆனால் "எந்த மாதம், எந்தக் கிணற்றில் நீர்மட்டம் அளந்தீர்கள்?" என்று கேட்டால் நிறுவனம் இறுதி அறிக்கையில் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். மேலூரில் இந்தக் கேள்வி முக்கியம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் நாட்களில் கிணறுகள் ஏறியிருக்கும். அப்போது மட்டும் அளந்தால் கணக்கு நன்றாகத்தான் தெரியும். ஊராரும் மழைக்குப் பின் ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, தேதியோடு எழுதி வைப்பது நல்லது. கிணறு வற்றிய பிறகு, முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

எல்லாவற்றுக்கும் கூட்டம் உண்டா என்றால், இல்லை. 5 ஹெக்டேர் வரையுள்ள தனிக் குவாரிக்குக் கிடையாது. 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் உண்டு. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை, அரசு முக்கியமென்று பட்டியலிட்ட கனிமங்களின் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்கிறது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது! யாருடைய தண்ணீர் போகுமோ அவர்களைக் கேட்காமலே முடிவெடுப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

அனுமதி கொடுத்துவிட்டாலும் வழி முழுதாக அடைபடாது. 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டிய அறிக்கைகள் பொது ஆவணங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

அப்புறம், சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. டங்ஸ்டன் போன்ற பெருங்கனிமச் சுரங்கத்தை ஏலத்தில் எடுத்தவர் ராயல்டியில் 10 சதவீதத்துக்கு நிகரான தொகையை இதில் கூடுதலாகச் செலுத்த வேண்டும். 2024 வழிகாட்டு நெறிகளின்படி குறைந்தது 70 சதவீதம் குடிநீர் போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குப் போக வேண்டும். சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருப்பது நேரடிப் பாதிப்புப் பகுதி. கிணறு வற்றிய ஊர், கிராம சபையில் தீர்மானம் போட்டு, அளவுக் கணக்கையும் சேர்த்து ஆட்சியரிடம் கொடுக்கலாம்.