பரிந்து பேசுதல்

டெல்லி கரோல் பாக் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிப் பாடம் எடுக்கிறேன். ‘இன்டர்செஷன்’ பற்றி, அதாவது ஒருவருக்காக இன்னொருவரிடம் பரிந்து பேசுவதைப் பற்றிச் சொன்னபோது, இங்கேயே வளர்ந்த பெண் ஒருத்தி, “அக்கா, அது சிஃபாரிஷ்தானே?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் சொல்லும் சிபாரிசும் பாரசீகத்திலிருந்து வந்த அதே சொல்தான். ஆனால் சிபாரிசு ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். இயேசுவோ நமக்காக வேண்டுதல் செய்ய எப்பொழுதும் உயிரோடிருக்கிறார் என்கிறது எபிரெயர் 7:25.

லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையில், ‘செடெரே’ என்றால் போதல். பழைய ரோமில் ஓர் அதிகாரியின் ஆணையை ‘ட்ரிப்யூன்’ என்ற மக்கள் பிரதிநிதி மக்கள் சார்பில் குறுக்கிட்டுத் தடுப்பதற்கே ‘இன்டர்செஸியோ’ என்று பெயர்.

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொல் ‘என்டுங்கானோ’. ஒருவரை அணுகி முறையிடுவது என்று பொருள். ரோமர் 8:34-இல் கிறிஸ்து நமக்காக முறையிடுகிறார். அதே நிருபம் 11:2-இல் எலியா இஸ்ரவேலருக்கு விரோதமாக முறையிடுகிறார். இரண்டு இடத்திலும் சொல் ஒன்றுதான்! சாதகமா பாதகமா என்பதைப் பக்கத்துச் சொல்தான் காட்டுகிறது.

தமிழில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. யாருக்கும் விரோதமாக நாம் ‘பரிந்து’ பேசுவதில்லையே! பரிதல் என்பது அன்பு கொள்ளுதல், இரங்குதல். ‘தாயினும் சாலப் பரிந்து’ என்கிறார் மாணிக்கவாசகர். வருந்துதல் என்ற பொருளும் உண்டு. ‘பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்’ என்ற குறளில் (132) அதுதான் பொருள். அன்பும் வருத்தமும் ஒரே வேரில் இருப்பதால், சிலுவையில் பாடுபட்டவர் நமக்காகப் பேசுகிறார் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுகிறார் என்ற ரோமர் 8:26-க்கும் இது பொருந்தும்.

‘மத்தியஸ்தம்’ வேறு. 1 தீமோத்தேயு 2:5-இல் அது சரியான சொல்தான். ஆனால் ஊர் வழக்கில் மத்தியஸ்தர் நடுநிலையாக நிற்பவர். பரிந்து பேசுபவர் நம் பக்கம் நிற்பவர். ‘வேண்டுதல்’ என்றால் நேர்த்திக்கடனும் நினைவுக்கு வரும். ‘மன்றாட்டு’ நல்ல சொல், மன்றில் நின்று வழக்காடுவதிலிருந்து வந்தது. கத்தோலிக்கர் வழிபாட்டில் அது நிலைத்துவிட்டது. புனிதர்களிடம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று அவர்கள் கேட்பதும் பரிந்து பேசச் சொல்வதுதான். சீர்திருத்தத் திருச்சபையார் அதை ஏற்பதில்லை.

அப்புறம் அந்தப் பெண்ணிடம், “வீட்டில் அப்பா கோபப்படும்போது உனக்காக யார் பேசுவார்?” என்று கேட்டேன். “பாட்டி” என்றாள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வாய் என்றதும், “பரிஞ்சுக்கிட்டு வருவாங்க” என்றாள்.