தளத்துக்குத் தளம் அடைபடாத ஓட்டைகள்

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். சங்கத்தின் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மின் ஷாஃப்ட்டின், அதாவது கேபிள்கள் தளத்துக்குத் தளம் ஏறி இறங்கும் செங்குத்துப் பாதையின், கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எதையும் தொடவேண்டாம். கேபிள்கள் தரைக்குள் இறங்கும் இடத்தை மட்டும் பாருங்கள். கீழ்த்தளத்தின் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால், அங்கே தீப்பிடிக்கிற அன்றைக்குப் புகை அந்த வழியாகத்தான் உங்கள் தளத்துக்கு வரும். நான் ஆய்வுக்குப் போகிற பழைய கட்டடங்களில் பெரும்பாலும் தெரிகிறது.

முறையாகக் கட்டிய கான்கிரீட் தளம் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும். அதில் கேபிளுக்காக ஓரடி வெட்டி, மிச்ச இடைவெளியை மூடாமல் விட்டால் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பொருளே இல்லை. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் தீப்பிடித்தது அடித்தளத்தில். வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருட்களைப் போட்டு வைத்திருந்தார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 90 பேர். பெரும்பாலோர் மேல்தளங்களில் படுக்கையில் இருந்த நோயாளிகள். தீ அவர்களிடம் வரவில்லை, புகை வந்தது.

மின் ஷாஃப்ட்டை ஒவ்வொரு தளத்திலும் ஃபயர் ஸ்டாப், அதாவது தீயும் புகையும் கடக்காத அடைப்பு, போட்டு அடைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நான்காம் பகுதியில், தெளிவாகச் சொல்கிறது. ஆகவே விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிக்கல் அடைக்கிற விதத்தில் இருக்கிறது.

சைட்டில் நான் அதிகம் பார்ப்பது, கையில் கிடைத்ததை வைத்து அடைப்பது: சிமென்ட் பை, தெர்மோகோல் துண்டு, அதன்மேல் ஒரு பூச்சு. இன்னொன்று, கேனிலிருந்து பீய்ச்சி அடைக்கும் ஃபோம். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் நன்றாக எரியும். இது எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ப்ரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம் 1975 மார்ச் 22 அன்று காட்டியது. கேபிள் ஓட்டைகளை அடைத்த ஃபோம் வழியாகக் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்தார்கள். காற்று சுடரை உள்ளே இழுக்க, ஃபோம் பற்றிக்கொண்டது. தீ ஏழு மணி நேரம் போல நீடித்து, 1,600க்கும் மேற்பட்ட கேபிள்களைக் கெடுத்தது. இன்னும் சிலர், சிவப்பு நிறத்தில் வரும் ‘ஃபயர் ஃபோம்’ வாங்கி அடித்துவிட்டோம் என்கிறார்கள். எளிதில் பற்றாத பொருள் என்பது வேறு, இந்த அளவு ஓட்டையில் இத்தனை கேபிள்களோடு இரண்டு மணி நேரம் நிற்கும் என்பது வேறு. கேனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

யுஎல் 1479 (அமெரிக்கா), இஎன் 1366-3 (ஐரோப்பா) போன்ற சோதனை முறைகளில் உலையில் வைத்துச் சோதிப்பது, இடைவெளியை அடைக்கும் பசையான சீலன்ட்டின் ஒரு டியூபை மட்டும் அல்ல. ஸ்லாபின் கனம், ஓட்டையின் அளவு, குழாயின் வகை, சுற்றி விட்ட இடைவெளி, ராக்வுல் என்ற கல்லிழைப் பஞ்சின் அடர்த்தியும் ஆழமும், அதன்மேல் சீலன்ட்டின் கனம் எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பையே சோதிக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் அந்தச் சான்று உங்கள் ஓட்டைக்குப் பொருந்தாது. ராக்வுல்லை அழுத்தித் திணிக்க வேண்டும். தளர்வாகச் செருகி மேலே சீலன்ட்டைத் தடவிவிட்டால் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும், தீயில் உதிரும்.

பிவிசி குழாய்க்குத் தனிக் கவனம் வேண்டும். இரும்புக் குழாய் அங்கேயே நிற்கும். பிவிசி உருகி, முழு ஓட்டையையும் திறந்துவிடும். அதற்காகத்தான் குழாயைச் சுற்றி மாட்டும் காலர் என்ற வளையம். சூடு ஏறினால் உள்ளிருக்கும் பட்டை பல மடங்கு உப்பி, இளகும் குழாயை நசுக்கி வழியை மூடும். தரையைத் துளைக்கும் குழாய்க்குக் காலர் ஸ்லாபின் அடிப்பக்கம் வரவேண்டும்; சுவர் என்றால் வழக்கமாக இரண்டு பக்கமும். நல்ல காலரை வாங்கிவந்து பிளாஸ்டிக் பிளக்கில் ஸ்க்ரூ போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். பிளக் உருகினால் காலர் வேலை செய்யும் முன்னே கீழே விழுந்துவிடும். இரும்பு ஆங்கர் போடுங்கள். செலவு வித்தியாசம் அற்பம்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து ஒப்படைத்த கட்டடத்தைக்கூட, குடிவந்த பிறகு இன்டர்நெட் கேபிள் இழுக்க வருகிறவர் ஒரு கம்பியால் குத்திவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது என்ன என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அடிக்கடி கேபிள் மாறும் இடங்களில் இறுகிப்போகும் கலவையைத் தவிர்த்து, எடுத்துத் திரும்ப வைக்கக்கூடிய தீத்தடுப்புப் பைகளை அடுக்குவதே நல்லது. ஒவ்வொரு அடைப்பின் பக்கத்திலும் எந்த அமைப்பு, யார் செய்தது, எந்தத் தேதி என்று ஒரு லேபிள் ஒட்டி, புகைப்படத்தோடு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் சாவி சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். கேபிள் வேலைக்கு வருகிறவரின் பெயரும் தளமும் எழுதி வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் எலக்ட்ரீஷியன் போய் டார்ச் அடித்துப் பார்த்து, ஓட்டை திரும்ப அடைபட்டிருந்தால் மட்டும் பில்லில் கையெழுத்துப் போடட்டும்.