எல்லாம் புரியுது, பேச்சுதான் வரல

“எல்லாம் புரியுது டாக்டர், பேச்சு மட்டும்தான் வரல.”

என் அறைக்கு வரும் பெற்றோர் பலர் உட்கார்ந்ததும் சொல்வது இதுதான். நான் டாக்டர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட் என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் ‘எல்லாம் புரியுது’ என்பதை மட்டும் சோதித்துப் பார்க்காமல் ஏற்பதில்லை.

அன்று வந்த பையனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எனக்குக் காட்டுவதற்காக அவன் அம்மா, “செருப்பை எடுத்துட்டு வாடா கண்ணா” என்றார். ஓடிப்போய் எடுத்து வந்தான். அம்மா முகத்தில் பெருமை. ஆனால் சொல்லும்போதே அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார், கண் வாசல் பக்கம் போனது, கையும் கூடவே நீண்டது. வீட்டுக்குக் கிளம்புகிறோம் என்று தெரிந்துகொண்ட குழந்தை வேறு எதை எடுக்கும்?

“அம்மா, இப்ப கையைக் கட்டிக்கிட்டு, என்னைப் பார்த்துக்கிட்டே, ‘பந்து எங்கே’ன்னு மட்டும் கேளுங்க” என்றேன். பந்து அவன் காலடியிலேயே கிடந்தது. அம்மா கேட்டார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பிறகு போய் இன்னொரு செருப்பையும் எடுத்து வந்து வைத்தான்.

அம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இதில் அவர் தவறு எதுவும் இல்லை. சூழ்நிலையைப் படிப்பதில் குழந்தைகள் கெட்டிக்காரர்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் குளியல், சாவிச் சத்தம் கேட்டால் வெளியே. நம் கண்ணும் கையும் காட்டிக்கொடுக்க, நாம் சொன்ன சொல்லைப் புரிந்துகொண்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். சொல் நிஜமாகவே புரிந்து, பேச்சு மட்டும் தாமதமாகும் குழந்தையின் பாதை வேறு. சொல்லே புரியாத குழந்தையின் பாதை வேறு. இரண்டாவது வகையில் காத்திருக்கக் கூடாது. அதனால்தான் முதல் நாளிலேயே இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டிலும் பார்க்கலாம். சைகை இல்லாமல், வழக்கமில்லாத ஒரு வேலையைச் சொல்லிப் பாருங்கள். ‘பந்தைத் தலையணை மேல வை’ என்பது போல ஏதாவது. இரண்டு வயதில் ஒரு சின்ன வேலை, இரண்டரை வயதில் ‘பொம்மையை வச்சிட்டு கதவைச் சாத்து’ என்பது போல இரண்டு வேலை செய்ய வரவேண்டும்.

அடுத்த கேள்வி எண்ணிக்கை பற்றி வரும். எத்தனை வயதில் எத்தனை வார்த்தை? ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் ஐம்பது சொல், ‘அப்பா வா’, ‘இன்னும் வேணும்’ என்று இரண்டு சொல் சேர்ப்பது. நாங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு இது. போனில் வேறொரு பட்டியலைக் கொண்டுவந்து காட்டுபவர்களும் உண்டு. “இங்கே பாருங்க, ஐம்பது வார்த்தைக்கு முப்பது மாசம்னு போட்டிருக்கு, இன்னும் நேரம் இருக்கு.” அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்தி வெளியிட்ட பட்டியல் அது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தந்த வயதில் நான்கில் மூன்று குழந்தைகளாவது எட்டிவிடக்கூடிய அளவுகளையே அதில் வைத்தார்கள். அந்தப் படியையும் ஒரு குழந்தை எட்டவில்லை என்றால் கடைசிக் கால் பங்கில் இருக்கிறது என்று பொருள். நிதானமாக இருக்கலாம் என்பதற்கு அந்தப் பட்டியலைச் சான்றாகக் காட்ட முடியாது. யாரிடமாவது காட்டிவிடுங்கள் என்று சொல்வதற்காகத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள்.

எண்ணும்போது தாராளமாக எண்ணுங்கள். நாயைப் பார்த்து எப்போதும் ‘பௌ பௌ’ என்றால் அது ஒரு சொல். ‘தண்ணி’யை ‘ண்ணி’ என்றாலும் சொல்தான். வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் இரண்டையும் கூட்ட வேண்டும். இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாவதில்லை. ‘ஒரே மொழியில் பேசுங்கள்’ என்ற அறிவுரையைக் கேட்டு, தன் தாய்மொழியை விட்டுவிட்டு, தனக்கே சரியாக வராத மொழியில் குழந்தையைக் கொஞ்ச முடியாமல் தவித்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கோபமும் கொஞ்சலும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள்.

ஆனால் எண்ணிக்கையைவிட என் கண் முதலில் தேடுவது குழந்தையின் ஆட்காட்டி விரலை. வார்த்தை வருவதற்கு முன் விரல் வரும்.

என் மேஜையில் சோப்புக் குமிழி ஊதும் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். நாலு குமிழி ஊதிவிட்டு, மூடியை இறுக்கித் திருகிக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவேன். பிறகு சும்மா இருப்பேன். ஒரு குழந்தை திறக்கப் பார்த்து, முடியாமல், டப்பாவை என் முன் நீட்டி என் கண்ணைப் பார்த்து ‘ம்ம்’ என்னும். வார்த்தை இல்லாவிட்டாலும் உரையாடல் தொடங்கிவிட்டது. இன்னொன்று என் முகத்தையே பார்க்காமல் என் கையைப் பிடித்து, ஒரு கருவியை வைப்பதுபோல மூடிமேல் வைக்கும். மூன்றாவது டப்பாவைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடும். மூன்று பேருக்கும் வார்த்தை பூஜ்யம்தான். ஆனால் மூன்று பேரும் ஒரே இடத்தில் இல்லை.

விரல் நீட்டுவதிலும் இரண்டு வகை. ‘அது வேணும்’ என்று நீட்டுவது ஒன்று. ‘அங்கே பாரேன்!’ என்று நீட்டிவிட்டு, நாம் பார்த்தோமா என்று திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது, வேறு எதையும் கேட்காமல் ரசனையை மட்டும் பங்குபோட வருகிறது. பதினெட்டு மாதத்திலும் அது வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் வார்த்தைக்காகக் காத்திருக்காமல் ஆட்டிசம் பற்றிய மதிப்பீட்டுக்கும் போக வேண்டும். வந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பேச்சு தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் முதல் வேலை காது கேட்கும் திறனைச் சோதிப்பது. இதில் எனக்கே ஒரு குட்டு விழுந்திருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் குழந்தை வந்தாள். பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனையில் ‘பாஸ்’. கூப்பிட்டால் திரும்புவாள், டிவி சத்தத்துக்கு ஆடுவாள். நானும் நம்பி மூன்று மாதம் பயிற்சி கொடுத்தேன். சொற்கள் வந்தன, ஆனால் எல்லாம் உயிரெழுத்தாகவே வந்தன. பிறகுதான் மறுபடி காதுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் மிதமான கேள்விக்குறை, அதாவது கேட்கும் திறனில் குறைவு. பிறக்கும்போது நன்றாக இருந்து பிறகு குறையவும் செய்யும் என்று படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். அவள் வீட்டாரிடம் அதைச் சொன்ன மாலை இன்னும் மறக்கவில்லை.

கதவுச் சத்தத்துக்குத் திரும்புவது காதுப் பரிசோதனை ஆகாது. ‘ஆ’, ‘ஊ’ போன்ற ஒலிகள் கனமானவை, எளிதில் கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்றவை மெல்லியவை, சுருதி கூடியவை. குறை இருந்தால் பெரும்பாலும் அவைதான் முதலில் தொலையும். சளி பிடித்துப் பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல். வலி இருக்காது, சீழ் வராது. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்பதுபோல எல்லாம் மங்கலாக வரும், அதுவும் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்காது. ‘வேணும்னே கேட்காத மாதிரி இருக்கான்’ என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் இவர்களும் உண்டு. ஓஏஇ, பெரா என்ற இரண்டு காதுப் பரிசோதனைகளும் குழந்தை தூங்கும்போது செய்யக்கூடியவை, வலி கிடையாது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் பிறவியிலேயே குறிப்பிடத்தக்க கேள்விக்குறையோடு பிறக்கிறார்கள். உங்கள் குழந்தை அதில் இல்லை என்று தெரிந்துகொள்ள வழி சோதிப்பது ஒன்றுதான்.

நாக்குக்கு அடியில் ஒட்டியிருப்பதை வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்பதும் அடிக்கடி வரும் பேச்சு. ஒட்டிய நாக்கு தாய்ப்பால் குடிப்பதில் தொல்லை தரலாம், சில ஒலிகளை உச்சரிப்பதில் சிரமமும் தரலாம். ஆனால் இரண்டு வயதில் சொல்லே வராததற்கு அது காரணம் இல்லை. இதற்காகக் கத்தரிக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ‘அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்.’ இதைச் சொல்லும் பாட்டியிடம் நான் வாதாடுவதில்லை, குறித்துக்கொள்கிறேன். அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார், எனக்கு அது குடும்ப வரலாறு. குடும்பத்தில் பேச்சு தாமதம் இருந்திருந்தால் கவனம் கூடத்தான் வேண்டும். ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சில வாரங்கள், மிஞ்சினால் ஓரிரு மாதங்கள். வருடக்கணக்கில் இல்லை.

அப்படியானால் தானாகவே பேசிவிடும் குழந்தைகள் இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே. இரண்டு வயதில் சொல் குறைவாக இருந்தாலும் நன்றாகப் புரிந்துகொள்ளும், வேறு சிக்கலில்லாத குழந்தைகளில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகும் வயதில் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எந்தக் குழந்தை பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புரிதல் குறைவு, சைகை குறைவு, எழுப்பும் ஒலிகளே நாலைந்துதான் என்றால் தானாகப் பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது என்று மட்டும் தெரியும். வந்து பார்த்து ‘பயமில்லை, மூன்று மாதம் கழித்து வாங்க’ என்று நான் சொல்லி அனுப்பும் குழந்தைகள் பலர். அந்தக் காத்திருப்பு கண்காணிப்போடு நடப்பது. வீட்டில் பயத்தோடு தேதியைத் தள்ளிக்கொண்டே போவதை அதோடு சேர்க்க முடியாது.

இனி செல்போன். ‘ஏ டு இசட் சொல்லுவான், கலர் எல்லாம் சொல்லுவான், தண்ணி வேணும்னு மட்டும் கேக்க மாட்டான்.’ இப்படி ஒரு குழந்தையாவது வராத வாரம் கிடையாது. ஒப்பிப்பது ஞாபகசக்தி. பேச்சு என்பது இன்னொரு ஆளிடம் ஒரு வேலையை நடத்திக்கொள்வது. பட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, அந்த மொழியிலேயே 12 முறை விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் இரண்டு வயதுக்குக் கீழ் திரை வேண்டாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்கிறது.

ஆனால் இதைச் சொல்லும்போதே அம்மாக்களின் தலை குனிகிறது, அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் போன்மேல் போடுவதும் தவறு. திரை பார்ப்பதால் வரும் ஆட்டிசம் என்ற பொருளில், ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெயர் எந்த மருத்துவக் கையேட்டிலும் நோய்க்கணிப்பாக இல்லை. ‘போனை நிறுத்தினா சரியாயிடும்’ என்று நம்பி ஆறு மாதத்தைக் கழித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். போனை நிறுத்துங்கள், மதிப்பீட்டுக்கும் வாருங்கள்.

வீட்டில் என்ன செய்வது? அதிகமாகப் பேசுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நான் பலரிடம் குறைக்கச் சொல்கிறேன். ‘இது என்ன? இது என்ன கலர்? சொல்லு, சொல்லு’ என்று கேள்வி மழையில் நனைந்த குழந்தை வாயைத் திறக்காது. அதன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். கார் ஓட்டினால் ‘கார் போகுது’ என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து வினாடி பெரியவர்களுக்குத் தாங்க முடியாத நீளம். பலரால் நான்கைத் தாண்ட முடியாது. அந்த மௌனத்தில்தான் குழந்தை ஒரு ஒலியோ, பார்வையோ தரும். ‘கா’ என்றால் ‘ஆமா, கார்! பெரிய கார்!’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். ‘சரியாச் சொல்லு’ வேண்டாம். ‘சொன்னாத்தான் தருவேன்’ என்று பொம்மையைப் பிடித்து வைத்துக்கொள்வதும் வேண்டாம். அதில் குழந்தை கற்பது அழுகையை மட்டும்தான்.

வரும்போது இரண்டு பொருள் கொண்டுவாருங்கள். குழந்தை சொல்லும் சொற்களை எழுதிய காகிதம் ஒன்று. வீட்டில் விளையாடும்போது அதற்குத் தெரியாமல் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்று. என் அறையில் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை.

செருப்பு எடுத்து வந்த பையனுக்குக் காது நன்றாகவே இருந்தது. புரிதல் வயதுக்குப் பின்தங்கியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி, கூடவே வளர்ச்சி நிபுணரிடமும் அனுப்பினேன். அந்த மதிப்பீடு இன்னும் முடியவில்லை. போன வாரம் அவன் அம்மா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பதினோரு வினாடி. ஜன்னலில் ஒரு காக்கா. அவன் விரலை நீட்டுகிறான், திரும்பி அம்மாவைப் பார்க்கிறான், மறுபடி காக்காவைப் பார்க்கிறான். வார்த்தை எதுவும் இல்லை. வீடியோவுக்குக் கீழே, “இதைத்தானே மேடம் சொன்னீங்க?” என்று எழுதியிருந்தார்.