புள்ளிக்கு வால் முளைத்தால் சைட்டைத் திட்டாதீர்கள்

போன சனிக்கிழமை கடை மூடுகிற நேரத்துக்கு ஒரு தம்பி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். "அக்கா, என் கண்ணுல ஒண்ணும் இல்ல. கூட சுடுறவர்தான் ஒரு தடவ உங்ககிட்ட காட்டச் சொன்னாரு" என்றார், நிற்கும்போதே. இரண்டு மாதத்தில் இதே பேச்சோடு வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் பத்தொன்பது வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுடுபவர்களின் கண் வழியாகத் தெரிந்ததுதான். அந்த அளவோடு பேசுகிறேன்.

தம்பி துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர். கைத்துப்பாக்கிக்கு ரெட் டாட் சைட், அதாவது சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கண்ணாடிக் கருவி, வாங்கியிருக்கிறார். ('சைட்' என்றதும் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.) உள்ளே தெரியும் சிவப்புப் புள்ளி உருண்டையாக இல்லாமல் கமா மாதிரி வாலோடு தெரிந்திருக்கிறது. பழுது என்று விற்றுவிட்டு வேறு கம்பெனி. அதிலும் கமா. மூன்றாவது, இன்னும் விலை கூடியது. அதிலும் கமா. மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,800 வெள்ளி.

"மூணு கம்பெனியும் சொல்லி வச்சு ஒரே பக்கமா வால் போடுவானா தம்பி?" என்று கேட்டேன்.

"ராணுவத்துல நல்லா சுட்டதுக்கு மார்க்ஸ்மேன் பேட்ஜ் வாங்கினவன்க்கா நான்."

இதுதான் எனக்கு ஆகவே ஆகாத பதில். நாலு பேரும் இதையேதான் வெவ்வேறு வார்த்தையில் சொன்னார்கள். பலகையில் கடைசி வரி வரை படிக்கிறேன், கண்ணாடி போட்டால் எல்லாம் தெளிவு, தேசிய சேவையில் நன்றாகச் சுட்டேன், ஆகவே கண்ணில் குறையில்லை. அப்படி இல்லை ஐயா! வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைப் படிப்பது ஒரு வேலை. மங்கலான பின்னணியில் ஊசிமுனை அளவு வெளிச்சத்தைப் பார்ப்பது வேறு வேலை. எழுத்து கொஞ்சம் கலைந்தாலும் மூளை ஊகித்துப் படித்துவிடும். ஒற்றைப் புள்ளியில் ஊகிக்க என்ன இருக்கிறது? கருவிழி ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால் அந்த வளைவை அப்படியே வரைந்து காட்டிவிடும் புள்ளி. சிதறல் பார்வை, ஆஸ்டிக்மாட்டிசம், நம் ஊர்ப் பேச்சில் 'அஸ்டிக்'. ராணுவத்தில் கொடுத்த எஸ்ஏஆர் 21 ரைஃபிளில் நீங்கள் பார்த்தது 1.5 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி. அதில் வாங்கிய பேட்ஜை இங்கே கொண்டுவந்து காட்டாதீர்கள்.

தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் சிராங்கூன் சாலையில் நின்று அந்தச் சின்ன விளக்குகளை அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே திசையில் வால் இருக்கிறதா? இரவில் பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது எதிர்வண்டி விளக்கு கோடாக இழுபடுகிறதா? அந்தக் கண்தான் ரெட் டாட்டிலும் கமாவைப் பார்க்கிறது.

சந்தேகம் தீர மூன்று வழி உண்டு, மூன்றுக்கும் காசு கிடையாது. சைட்டின் பின்னால் ஃபோன் கேமராவை வைத்துப் படம் எடுங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் சைட் நல்ல சைட். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். வாலும் கூடச் சாய்ந்தால் அது உங்கள் கண்ணின் வால். மூன்றாவது, ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு அதன் வழியே பாருங்கள். வால் சுருங்கினால் தீர்ப்பு எழுதியாயிற்று. இதெல்லாம் குண்டு இல்லாத துப்பாக்கியில், சுடுதளத்தின் (ரேஞ்ச்) அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

தம்பியிடம் படம் இருந்தது. அதில் புள்ளி குங்குமப் பொட்டு மாதிரி அழகாக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் மூன்றாவது சைட் வாங்கியிருக்கிறார்!

கண்ணாடிச் சீட்டைக் கேட்டேன். வலக்கண் கிட்டப்பார்வை 300 டிகிரி (மைனஸ் 3.00 பவரை நம் ஊரில் இப்படித்தான் சொல்வோம்), அஸ்டிக் 100. கண்ணாடியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "ரேஞ்சுக்குக் கண்ணாடி போடமாட்டேன்க்கா, கான்டாக்ட் லென்ஸ்தான்" என்றார். லென்ஸ் பெட்டியில் 350 என்று மட்டும் போட்டிருந்தது. அஸ்டிக்கைக் காணோம். பாதி அஸ்டிக்கைக் கிட்டப்பார்வைக் கணக்கில் சேர்த்துச் சாதா லென்ஸைக் கொடுப்பது எங்கள் தொழிலில் புதிதல்ல. அஸ்டிக்கையும் திருத்தும் டோரிக் லென்ஸ் விலை கூடுதல், பொருத்தவும் நேரமாகும். 50 டிகிரி என்றால் நானும் சில சமயம் அப்படிக் கொடுப்பதுண்டு. ஆனால் 100 டிகிரியை விழுங்கிவிட்டு வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிய அந்தக் கடையை என்ன சொல்வது?

கணக்கைப் பாருங்கள். 100 டிகிரி அஸ்டிக், கண்மணி 4 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் புள்ளி 10 சென்டிமீட்டர் நீளம் வரை இழுபடலாம். எம்ஓஏ கணக்கில் (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கிட்டத்தட்ட 14. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு 2 எம்ஓஏ புள்ளியா 3 எம்ஓஏ புள்ளியா என்று இரவெல்லாம் யூடியூப் பார்க்கிறார்கள்.

சோதனைச் சட்டத்தில் அஸ்டிக் வில்லையைப் போட்டு, அறைக் கோடியில் துளைவிளக்கை ஏற்றி, மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில் வால் சட்டென்று உள்ளே போய்விட்டது. தம்பி ஒன்றும் பேசவில்லை. மறுபடி திருப்பச் சொன்னார். வால் வந்தது. மறுபடி. போனது. ஐந்து முறை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

இன்னொரு தப்பு எண்ணம்: கிட்டப்பார்வை உள்ளவர்கள், சைட் கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். சைட்டின் கண்ணாடி பக்கத்தில் இருக்கிறது, புள்ளி இல்லை. வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி வெகுதூரத்திலிருந்து வருவது போலத்தான் கண்ணில் விழும். 1900-ல் அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் க்ரப் இந்த யோசனையைச் சொன்னதும், 1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் அதை எலக்ட்ரானிக் சைட்டாகக் கொண்டுவந்ததும் இந்த வசதிக்காகத்தான். இலக்கையும் புள்ளியையும் ஒரே பார்வையில், இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்க்கலாம். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது பெரிய வரம். கைநீளத்தில் இருக்கும் துப்பாக்கியின் முன்முனைக் குறியைத் தெளிவாகப் பார்க்கத் திணற வேண்டியதில்லை. ஆக, தூரப் பார்வைக்கான பவர் கட்டாயம் வேண்டும்.

சரி, எதை வாங்குவது? முதலில் உங்கள் போட்டிக்கு டாட் அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஒலிம்பிக் பாணி ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிளில் கிடையாது. ஓடி ஓடிச் சுடும் ஐபிஎஸ்சி போட்டிகளில் அதற்கெனப் பிரிவுகளே உண்டு. அப்புறம், வெளிச்சத்தைக் கையால் பல படிகளில் கூட்டிக் குறைக்க முடிகிற சைட்டாகப் பாருங்கள். தானாகவே மாற்றிக்கொள்வதை மட்டும் நம்பும் சைட் உங்களுக்கு உதவாது. பாதி வால் அதிக வெளிச்சத்தால் வருவது. புள்ளி தெரிகிற குறைந்தபட்ச அளவுக்கு இறக்கிப் பாருங்கள், புது சைட் வாங்கின மாதிரி இருக்கும். பச்சைப் புள்ளி அஸ்டிக்கைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பச்சை கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும், அதனால் இன்னும் குறைத்து வைக்கலாம், அவ்வளவுதான். நீளத் துப்பாக்கிக்காரர்கள் பிரிசம் சைட்டைப் பார்க்கலாம். குறி கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கும், வளையத்தைத் திருப்பித் தெளிவாக்கிக்கொள்ளலாம். கைத்துப்பாக்கிக்கு ஒத்துவராது, அதற்குக் கண் குறிப்பிட்ட தூரத்தில் இருந்தாக வேண்டும்.

ரைஃபிளில் கன்னத்தைச் சாய்க்கும்போது கண்ணாடியின் மேல்மூலை வழியாகப் பார்ப்பீர்கள். பவர் கூடுதலானவர்களுக்கு அந்த மூலையே புது அஸ்டிக்கைக் கொடுக்கும். சுடும்போது தலை எப்படி இருக்கும் என்று எங்களிடம் செய்து காட்டுங்கள், அதற்கேற்பச் சட்டத்தையும் மையத்தையும் வைப்போம். பாதுகாப்புக்குப் பாலிகார்பனேட் கண்ணாடிதான் வேண்டும். அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய கண்ணாடி அதற்கானது இல்லை. கண் சிமிட்டும்போதெல்லாம் புள்ளியின் வடிவம் மாறினால் கண் காய்ந்திருக்கலாம். எந்த வில்லைக்கும் வால் அடங்கவில்லை என்றால், அதிலும் கண்ணைக் கசக்கும் பழக்கமுள்ள இளம் பிள்ளைகள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கருவிழி கூம்பி வருகிறதா என்று கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். நம் இந்திய வம்சாவளியினரிடம் அது அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன வருடம் ஒருவர் சைட்டைக் காட்டுகிறேன் என்று பொம்மைத் துப்பாக்கியில் மாட்டிக் காகிதப் பையில் போட்டுக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டார். காத்திருந்த பாட்டி அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் சட்டம் கடுமையான ஊர் இது. இணையத்தில் எதையும் தட்டிவிடும் முன் கிளப்பிலும் போலீஸ் உரிமப் பிரிவிலும் கேளுங்கள். என்னிடம் வரும்போது கண்ணாடிச் சீட்டு, லென்ஸ் பெட்டி, ஃபோனில் எடுத்த புள்ளியின் படம், இவை மட்டும் போதும்.